செவ்வாய்க்கிழமை நோயாளி

மருதமுறிப்புக் குடியேற்றத் திட்டத்தில் ஐந்தாம் யூனிற் வீரகத்திக்கு, 1961ஆம் ஆண்டு ஐப்பசிக்கும் அடுத்த ஆண்டு மாசிக்கும் இடையில், தொடை எலும்பு நான்கு முறை முறிந்தது. மூன்று முறை பாம்பு கடித்தது. இரண்டு முறை வாய்க்காலில் மூழ்கினான். ஒருமுறை குதிரை உதைத்தது. மருதமுறிப்பில் குதிரை கிடையாது. இவ்வளவும் செவ்வாய்க்கிழமைகளில், காலை சரியாகப் பத்து மணிக்கு நடந்தன. எல்லாவற்றுக்கும் அரசாங்கப் பதிவு இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் கொழும்புக்கு எழுதிக் கேட்கலாம். பதில் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

உண்மையில் வீரகத்திக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. வடமராட்சியில் சொந்தக் காணி இல்லாமல் இருந்து, காட்டை வெட்டித் திருத்தினால் மூன்று ஏக்கர் வயல் என்று அரசாங்கம் சொன்னதை நம்பி ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுக்கு வந்தவர்களில் அவனும் ஒருவன். நல்ல உழைப்பாளி. யாராவது அதிகாரி பேசினால் முடிவில் "ஓம்" என்று சொல்லிவிடுவது ஒன்றுதான் அவனிடமிருந்த குறை.

அவனுடைய மனைவி நேசமலர். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய முதல் பிரசவத்துக்கு அப்புத்துரையின் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். ஆஸ்பத்திரி பதினொரு கட்டை, அதாவது பதினொரு மைல் தூரம். முதல் நாலு கட்டை கிரவல் பாதை. மழை பெய்தால் அது பாதையும் இல்லை. பிள்ளை எட்டாம் கட்டையில் வண்டிக்குள்ளேயே பிறந்து, பத்தாம் கட்டைக்கு முன்னால் இறந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த இரண்டு கட்டைத் தூரத்தைக் கடக்கும்போது வீரகத்தி யாருடனும் பேசுவதில்லை. இப்போது நேசமலர் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. இந்தப் பிள்ளை வண்டியில் பிறக்கக்கூடாது என்பதைத் தவிர அவனுக்கு அந்த வருடம் வேறு ஆசை இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அவசரச் சிகிச்சை ஆராய்ச்சிச் சபை மருதமுறிப்புக்கு வந்து இறங்கியது.

விபத்து நடந்த இடத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இடையில் மனிதர்கள் ஏன் சாகிறார்கள் என்று கண்டுபிடிப்பது சபையின் நோக்கம். பாதை சரியில்லை, வண்டி மெதுவாகப் போகிறது, அதனால் சாகிறோம் என்று ஊர் மக்கள் முதற் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். அது அபிப்பிராயம், ஆராய்ச்சி அல்ல என்று சபையின் தலைவர் டாக்டர் கதிர்காமநாதன் அன்பாக விளக்கினார். அவர் சீமையில் ஏழு வருடம் படித்தவர். குரலை உயர்த்திப் பேச மாட்டார், ஏழைகளின் வீட்டில் தேநீர் குடிப்பார். கெட்ட மனிதர் என்றால் எனக்கு இந்தக் கதையை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

சபையுடன் ஒரு அம்புலன்ஸ் வந்தது. வெள்ளை நிறம், பக்கத்தில் சிவப்புச் சிலுவை, உள்ளே தோல்பட்டிகள் வைத்த ஸ்ரெச்சர். ஓட்டுபவர் முல்லைத்தீவுப் பக்கத்து ஹமீட். கழுத்தில் ஓட்டப்பந்தயக் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரம் குறிப்பவர் பாலன் என்ற எழுதுவினைஞர். பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தவர். வாய்க்காற் கரையில், வீரகத்தியின் வீட்டுப் படலையிலிருந்து நூறு யார் தூரம் தள்ளி, ஒரு மருதமரத்தின் கீழ் அம்புலன்சை நிறுத்தினார்கள். ஊரே போய்த் தொட்டுப் பார்த்தது.

சபையின் ஆராய்ச்சி நாள் செவ்வாய்க்கிழமை. நாலு செவ்வாய்க்கிழமைகள் அம்புலன்ஸ் காத்து நின்றது. ஒருவரும் விழவில்லை, ஒருவரையும் எதுவும் கடிக்கவில்லை. நாலாம் வாரம் ஒருவன் யானைக் காவலுக்குக் கட்டிய பரணிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான், ஆனால் புதன்கிழமை விழுந்தான். பாலனும் கடிகாரமும் ஊரில் இல்லை. நேரம் குறிக்காமல் வண்டியை ஓட்டினால் அது வெறும் ஓட்டம் என்று விதி இருந்தது. அப்புத்துரையின் மாட்டுவண்டி அவனை ஏற்றிக்கொண்டு அம்புலன்சைச் சுற்றித்தான் போனது. ஹமீட் இறங்கி வந்து வண்டியைக் கொஞ்சத் தூரம் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் மனம் நொந்து பேசினார்.

"எங்களுக்குப் பெரிய தடை உண்மையான நோயாளிகள்தான். அவையளிட்ட ஒரு ஒழுங்கு இல்லை. முன்னறிவித்தல் இல்லை. ஒருத்தர் புதன்கிழமை விழுறார், மற்றவர் ஞாயிற்றுக்கிழமை விழுறார். இப்பிடியான ஆக்களை வைச்சு விஞ்ஞானம் செய்யேலாது. எங்களுக்குத் தேவை நேரத்துக்கு வாற ஒரு நோயாளி."

நேரத்துக்கு வரக்கூடிய ஆள் யார் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் கேட்டார்கள். வாய்க்கால் தண்ணீர் முறைக்கு ஒருநாளும் பிந்தாதவன் வீரகத்தி என்று விதானையார் சொன்னார். டாக்டரே வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். நேசமலரின் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை மாதம் என்று விசாரித்தார். முதல் பிள்ளையின் கதையைக் கேட்டு உண்மையாகவே கண் கலங்கினார்.

"ஆராய்ச்சிக்கு உதவுற குடும்பத்தை ஆராய்ச்சி கைவிடாது, வீரகத்தி. உம்முடைய மனுசிக்கு நாள் வரேக்க இந்த வண்டி உம்முடைய படலையடியில நிக்கும்" என்றார்.

வீரகத்தி ஓம் என்றான்.

நேசமலருக்கு இது பிடிக்கவில்லை. "சுகமா இருக்கிற உடம்பை வருத்தக்காரன் எண்டு எழுதிக் குடுக்காதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு" என்று அன்றிரவு சொன்னாள். அவளுக்காகத்தானே என்று அவன் சொன்னான். அவள் மஞ்சள் துணியில் ஒரு காசுக் குத்தி முடிந்து, அம்மனுக்கு நேர்ந்து சாமித்தட்டில் வைத்தாள்.

முதற் செவ்வாய்க்கிழமை அவனை மருதமரத்தின் கீழ் படுக்க வைத்து, வலது காலில் பலகை வைத்துக் கட்டினார்கள். பாலன் கடிகாரத்தை அழுத்தினார். அம்புலன்ஸ் ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரியை அடைந்தது. அங்கே அவனுக்கென்று ஒரு கட்டிலை ஒதுக்கி, வெள்ளை விரிப்பு விரித்து, ஆராய்ச்சிக் கட்டில் என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு மணிவரை அதில் படுத்திருந்தான். பிறகு குணமடைந்ததாக எழுதி விட்டுவிட்டார்கள். குணமடைந்தவர்களைத் திருப்பி ஏற்றுவது ஆராய்ச்சியின் எல்லைக்குள் வரவில்லை. தொடை எலும்பு முறிந்த அன்றே அவன் ஏழு கட்டை பஸ்ஸிலும் நாலு கட்டை நடையிலுமாக வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தவிடு வைத்தான்.

வாரங்கள் போகப் போக சபை நுணுக்கமாயிற்று. நீரில் மூழ்கிய வாரம் அவனை மூன்று வாளி தண்ணீர் ஊற்றி நனைத்தார்கள், ஏனென்றால் மூழ்கியவன் உலர்ந்திருந்தால் பதிவு பொய்யாகிவிடும். யானை அடித்த வாரம் ஒரு சிக்கல் வந்தது. விபத்துகளின் பட்டியல் சீமையிலிருந்து வந்திருந்தது. அதில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது, பனியில் சறுக்குதல் இருந்தது, யானை இருக்கவில்லை. ஒரு மணிநேரம் ஆலோசித்து, 'குதிரை உதைத்தல்' என்ற இடத்தில் பதிந்து, பக்கத்தில் 'பெரியது' என்று குறித்தார்கள்.

அவனுடைய நிறையும் முக்கியமாயிற்று. முதல் ஓட்டத்தில் அவன் நூற்றியிருபத்தெட்டு இறாத்தல். நிறை மாறினால் வண்டியின் வேகம் மாறும், வேகம் மாறினால் முன்னைய ஓட்டங்களுடன் ஒப்பிட முடியாது. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று அவன் நிறுக்கப்பட்டான். தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வேண்டாம் என்று சபையிலிருந்து எழுத்தில் அறிவித்தல் வந்தது. நேசமலர் அவனுடைய பங்கை மூடிவைத்து அடுத்த நாள் மாட்டுக்கு வைத்தாள்.

மயங்கிய நோயாளி பேசக்கூடாது என்பது இன்னொரு விதி. ஒருமுறை தலையில் அடிபட்ட நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போன வீரகத்தி, கட்டுத் தளர்ந்து கண்ணை மறைக்கிறது என்று மரியாதையாகச் சொன்னான். பாலன் நேரத்தைப் பார்த்து, "10.41: பிதற்றல்" என்று எழுதிக்கொண்டார். பிதற்றினால் ஊசி போடவேண்டும் என்று கைந்நூலில் இருந்தது. தாதி வெறும் ஊசியை அவனுக்குக் காட்டிவிட்டுப் போட்டதாகப் பதிந்தாள்.

இதற்கிடையில் ஊர் தன்பாட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஒரு மனிதனை வாராவாரம் கட்டுப்போட்டு அம்புலன்சில் ஏற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அவனுக்கு ஒன்றும் இல்லை என்று யார் நம்புவார்கள்? பெண்கள் மாரி விஸ்கோத்துப் பெட்டியுடன் வருத்தம் பார்க்க வந்தார்கள். வயலில் மண்வெட்டியுடன் நிற்பவனைக் கண்டால் அப்படியே வரம்பில் இருந்து, பாம்புக் கடி இப்போது எப்படி என்று கேட்டார்கள். முதலில் வீரகத்தி மறுத்தான். பிறகு, "பரவாயில்லை, கொஞ்சம் சுகம்" என்று சொல்லப் பழகிக்கொண்டான். எட்டுப் பெட்டி விஸ்கோத்து சேர்ந்தது. நிறை கூடும் என்று அவன் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மாசி பிறந்தபோது நேரம் முப்பத்தொரு நிமிடத்துக்கு இறங்கியிருந்தது. கொழும்பில் சபையின் பெயர் பேசப்பட்டது. நேசமலருக்கும் மாதம் நிறைந்துவிட்டது.

ஊர் மருத்துவிச்சி இரஞ்சிதம் அரசாங்கப் பயிற்சி பெற்று வந்தவள். வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் பெற முடியாது, நாளுக்கு முன்னமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்றாள். வீரகத்தியும் அவளும் நேசமலரை நாலு கட்டை வண்டியிலும் மிச்சம் பஸ்ஸிலுமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைப்பேற்று அறை நிரம்பி, பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியிலேயே காலியாக இருந்தது ஒரு கட்டில். அதில் வீரகத்தியின் பெயர் தொங்கியது. அதில் நேசமலரைப் படுக்க விடலாமா, தான் நிலத்தில் படுப்பேன் என்று அவன் கேட்டான். ஆராய்ச்சிக் கட்டிலில் ஆராய்ச்சி நோயாளி மட்டும்தான் படுக்கலாம் என்று சொல்லி, பிரசவ நோக் கண்டால் உடனே கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவன் பயப்படவில்லை. படலையிலிருந்து நூறு யாரில் அம்புலன்ஸ் நிற்கிறதே என்று அவளுக்கே தைரியம் சொன்னான்.

பதினாறாவது செவ்வாய்க்கிழமை கடைசி ஓட்டம். கொழும்பிலிருந்து அமைச்சின் செயலாளர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். நாதஸ்வரம், மாலை, புகைப்படக்காரர் எல்லாம் ஒழுங்காகியிருந்தன. முப்பது நிமிடத்துக்குக் கீழே போக வேண்டும் என்பது டாக்டரின் கனவு. ஒன்பதரைக்கே வீரகத்தியின் தலையிலும் காலிலும் கட்டுப் போட்டு, ஸ்ரெச்சரில் வைத்துப் பட்டிகளை இறுக்கியாயிற்று. ஒன்பது நாற்பதுக்கு இரஞ்சிதம் வாய்க்காற் கரையால் ஓடி வந்தாள். அவளுடைய சேலையில் இரத்தம் இருந்தது.

"டொக்டர் ஐயா, நேசமலருக்கு இரத்தம் போகுது. நிக்கேல்லை. இப்ப ஏத்தினாத்தான் காப்பாத்தலாம்."

இந்த இடத்தில் நான் டாக்டருக்கு அநியாயம் செய்ய விரும்பவில்லை. அவர் திடுக்கிட்டார். முகம் வெளிறிப்போயிற்று. ஸ்ரெச்சரில் எழும்ப முயன்ற வீரகத்தியின் தோளில் கைவைத்து, உடன்பிறந்தவர்போலப் பேசினார்.

"அவசரப்படாதையும். யோசிச்சுப் பாரும். உமக்குப் பதிலா அவவை ஏத்தினா இது வேற ஓட்டம். இரண்டு பேரையும் ஏத்தினா நிறை மாறீடும், பதினைஞ்சு ஓட்டமும் குப்பைக்குள்ள. எப்பிடியும் பத்து மணிக்கு வெளிக்கிட்டு பத்தரைக்கு முதல் போயிடுவம். உம்மை இறக்கின உடன வண்டி திரும்பும். மாட்டுவண்டி எதிர்ல வந்துகொண்டிருக்கும், வழியில மாத்தி ஏத்தலாம். பதினொண்டேகாலுக்கு அவ ஆஸ்பத்திரியில. மாட்டுவண்டியிலயே போனா மத்தியானம் ஒண்டரை மணிக்குத்தான் போய்ச் சேருவா. கணக்கு எங்கட பக்கம் இருக்கு, வீரகத்தி."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். வீரகத்தி ஹமீட்டைப் பார்த்தான். "நான் உங்களை இறக்கிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டாமலே திரும்புவன் அண்ணை. அல்லா மேல ஆணை" என்று ஹமீட் சொன்னார். தான் முன்னால் போய்ச் சேர்ந்தால் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி எல்லாவற்றையும் ஆயத்தமாக வைக்கச் சொல்லலாம் என்றும் வீரகத்தி நினைத்தான். அவன் ஓம் என்றான்.

ஒன்பது ஐம்பதுக்கு அப்புத்துரையின் வண்டி நேசமலரையும் இரஞ்சிதத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அம்புலன்ஸ் அசையவில்லை. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. முன்னைய பதினைந்து ஓட்டங்களும் பத்து மணிக்குத் தொடங்கியவை. வீரகத்தி பட்டிகளுக்குள் கிடந்து, பாலனுடைய கழுத்தில் ஆடிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் இரண்டு தடவை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

முதலாம் கட்டைக்குக் கிட்ட மாட்டுவண்டியைப் பிடித்தார்கள். இரஞ்சிதம் வண்டியிலிருந்து கையை நீட்டி மறித்தாள். ஹமீட் பிரேக்கை மிதித்தார். பாலன் "இரண்டு செக்கன்" என்று எழுதினார். போம், போம், எவ்வளவு கெதியாய்ப் போகிறோமோ அவ்வளவு கெதியாய்த் திரும்பலாம் என்று டாக்டர் பின்னாலிருந்து சொன்னார். அதுவும் சரிதான். அம்புலன்ஸ் வண்டியைக் கடந்து போயிற்று. பின் கண்ணாடியால் வீரகத்திக்கு வைக்கோலின் மேல் நேசமலரின் பாதங்கள் தெரிந்தன. புழுதி எழும்பி அதையும் மறைத்தது.

இருபத்தொன்பது நிமிடம். டாக்டர் பாலனைக் கட்டிப்பிடித்தார். நாதஸ்வரம் முழங்கியது. ஹமீட் எஞ்சினை நிறுத்தவில்லை, ஆனால் ஓர் அதிகாரி ஓடி வந்து நிறுத்தித் திறப்பை, வண்டிச் சாவியை, கழற்றிக்கொண்டு போனார். நிகழ்ச்சிநிரலின்படி அம்புலன்சின் திறப்பை வெள்ளித் தட்டில் வைத்து, விழாவின் முடிவில் செயலாளர் மாவட்டத்துக்கு வழங்க வேண்டும். ஹமீட் தட்டுக்குப் பின்னாலேயே போனார். மேடையில் ஏற விடவில்லை. அதிகாரியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். முக்கியமான விருந்தினர் முன்னிலையில் சாரதி இப்படி நடந்துகொண்டதற்கு அடுத்த மாதம் அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

செயலாளர் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். "வேகம், வேகம், வேகம். ஒரு நிமிடம் பிந்தினாலும் ஓர் உயிர் என்பதை இந்தச் சபை நிரூபித்திருக்கிறது. இதைச் சாவகாசமாக விளங்கிக்கொள்ள வேண்டும்" என்று தொடங்கி, தான் சென்ற நாடுகளில் பார்த்த அம்புலன்சுகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வீரகத்தியை உள்ளே கொண்டுபோனபோது அவன் பெரிய டாக்டரைக் கண்டு, தன் மனைவி பின்னால் வண்டியில் வருகிறாள், இரத்தம் போகிறது, அம்புலன்சைத் திருப்பி அனுப்புங்கள் என்று சத்தமாகவே சொன்னான். அவன் தலையில் அடிபட்ட நோயாளி. பாலன் "பிதற்றல், கடுமையானது" என்று எழுதினார். வீரகத்தி பட்டியை அவிழ்க்கப் போராடினான். எழுதுகிறவர்களும் பிடிக்கிறவர்களுமாகச் சுற்றி நின்றார்கள். வழக்கமாக வெறும் ஊசியைக் காட்டுவார்கள். அன்று செயலாளருடன் வந்த பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் உண்மையாகவே மருந்தை ஏற்றினார்கள். அவன் "எட்டாம் கட்டை" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனான்.

பேச்சு முடிந்து, நன்றியுரை முடிந்து, மதிய விருந்தும் முடியாமல் திறப்பு தட்டிலிருந்து இறங்கவில்லை. ஒரு மணி இருபதுக்கு அப்புத்துரையின் வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. அங்கே அம்புலன்சின் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் படத்தில் விழும் என்று வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அப்புத்துரை தள்ளி நிறுத்தினார். இனி அவசரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வீரகத்தி கண் விழித்தபோது, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலின் பக்கத்தில் இரஞ்சிதம் நிலத்தில் இருந்தாள். நேசமலர் எட்டாம் கட்டைவரை கதைத்துக்கொண்டு வந்தாள் என்று சொன்னாள். பிறகு, சொல்லத் தயங்கி, அதையும் சொன்னாள்.

"அம்புலன்ஸ் வந்திட்டுதோ எண்டு கேட்டுக்கொண்டே வந்தவள் தம்பி. நான் வருகுது, வருகுது எண்டு சொன்னனான்."

அந்த இடத்தில் அவன் என்ன செய்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாலன்கூட எதையும் எழுதவில்லை. பிள்ளையும் தாயோடு போயிற்று.

பின்னேரம் அதே மாட்டுவண்டியில் அவளைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அம்புலன்சில் ஏற்ற முடியவில்லை, இறந்தவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. வீரகத்தியின் காற்பலகையை அவிழ்க்க உத்தரவு கொடுக்கும் டாக்டர் விருந்தினருடன் போயிருந்தார். கடைசியில் ஹமீட் தன் பேனாக் கத்தியால் கட்டுகளை அறுத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் பதினொரு கட்டையும் கூடவே நடந்தார்.

ஆறு வாரங்களுக்குப் பிறகு, டாக்டர் கதிர்காமநாதன் அறிக்கையுடன் மருதமுறிப்புக்கு வந்தார். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். இந்த முறை தேநீர் போட வீட்டில் ஆள் இல்லை. பாலன் அறிக்கையை மடியில் வைத்திருந்தார். அழகான அச்சு. முதற் பக்கத்தில் அம்புலன்சின் முன்னால் எல்லோரும் நிற்கும் படம் இருந்தது. ஒரு மூலையில், வெட்டியது போக, ஒரு மாட்டின் கொம்பு மட்டும் தெரிந்தது.

டாக்டர் நேசமலரைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தது. அது நடிப்பு அல்ல. பிறகு அவர், இந்த ஆராய்ச்சிக்கு முதலிலிருந்தே ஒரு குறை இருந்தது என்று விளக்கினார். அம்புலன்ஸ் வேகமாகப் போகிறது என்று காட்டலாம், அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று காட்ட ஒப்பிடுவதற்கு ஆள் இருக்கவில்லை. அதே நாள், அதே பாதை, அதே நேரம், மாட்டுவண்டியில் போகும் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரைத் திட்டமிட்டு ஏற்பாடு செய்ய மனச்சாட்சி உள்ள எவராலும் முடியாது. கடைசி ஓட்டத்தில் அது தானாக அமைந்துவிட்டது. பாலன் அந்த அட்டவணையை வாசித்தார்.

முதலாம் நோயாளி, ஆண், அம்புலன்ஸ், இருபத்தொன்பது நிமிடம், உயிர் தப்பினார். இரண்டாம் நோயாளி, பெண், மாட்டுவண்டி, மூன்றரை மணித்தியாலம், இறந்தார். நோயாளிகளுக்கிடையில் உறவு: இல்லை.

வீரகத்தி மறுபடி வாசிக்கச் சொன்னான். பாலன் வாசித்தார்.

"ஐயா, அதில ஒரு பிழை கிடக்கு" என்றான் வீரகத்தி. "உறவு இல்லை எண்டு கிடக்கு. அவள் என்ர மனுசி."

டாக்டர் கதிரையை அவனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாதே, வீரகத்தி? ஆனா ஒப்பிடுற இரண்டு பேருக்கும் உறவு இருக்கக்கூடாது. இருந்தா அந்த அட்டவணை செல்லாது. அது செல்லாட்டி முழு அறிக்கையும் விழுந்திடும். அவ செத்தது வீணாப் போறதை நீர் விரும்புறீரே?"

வீரகத்தி மருதமரத்தின் பக்கம் பார்த்தான். பிறகு, அம்புலன்ஸ் இனி ஊரில் நிற்குமா என்று கேட்டான். ஆராய்ச்சி வெற்றியாக முடிந்துவிட்டது, மாவட்டத்துக்கு வழங்கிய வண்டி நேற்றே கொழும்புக்குத் திரும்பிப் போய்விட்டது, அடுத்த கட்டம் அங்கேதான், நல்ல பாதையில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மருதமரத்தின் கீழ் டயர்ப் பள்ளம் இரண்டும் அப்படியே இருந்தன.

"ஓம்" என்றான் வீரகத்தி.

பாலன் கடைசிப் பக்கத்தை விரித்து, 'முதலாம் நோயாளியின் கையொப்பம்' என்ற இடத்தைக் காட்டினார். பதினாறு தடவை வைத்துப் பழகிய கையொப்பம், வீரகத்தி வைத்தான். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. இரண்டாம் நோயாளி இறந்திருப்பதால், அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் ஒப்பமிட வேண்டும் என்று போட்டிருந்தது. வீரகத்தி பேனாவைத் துடைத்து, பாவாடைத் தாவணியில் அவளை முதன்முதல் பார்த்த நாளின் ஞாபகமோ என்னவோ, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கோட்டில் பேனாவை வைத்தான்.

டாக்டர் அவனுடைய கையை மெல்லப் பிடித்தார்.

"அதில நீர் வைக்கேலாது, வீரகத்தி."

பேனாவைத் திருப்பி வாங்கி, அந்த இடத்தில் பாலன் எழுதினார்: உறவினர் எவரும் முன்வரவில்லை.